எந்த நாள் வரை

ஸ்டென்ருட் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, தான் செய்யாத வேலைக்கு யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. ஊரில் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா குதிரை இழுக்கும் பனிவண்டியில் போய்ப் பிரசவம் பார்த்தவர். அப்பா இந்தக் கிளினிக்கைக் கட்டினார். தம்பி லீஃப் அதில் டாக்டர். அக்காவான நான், போர்கில்ட், வருகிறவர்களைப் பதிந்துகொள்ளும் முன்மேசையில் இருந்தேன்.

ஷெங் வாங் எங்களிடம் வேலை பார்த்தாள். சாதாரண நர்ஸ் இல்லை. மேல்படிப்புப் படித்தவள், நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதித் தரும் தகுதி உள்ளவள். ஆனால் பழைய சட்டப்படி, ஒரு டாக்டரோடு எழுத்தில் உடன்பாடு இல்லாமல் அவள் தொழில் செய்ய முடியாது. டாக்டர் போனால் கிளினிக்கும் போனது என்று அர்த்தம். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். குறிப்பிட்ட காலம் ஒரு டாக்டரின் பொறுப்பில் வேலை பார்த்தவர்கள் இனித் தனியாகவே நடத்தலாம். ஊர் நிம்மதியானது. பனிக்காலத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது லேசான காரியமில்லை.

ஒரு நாள் காலை ஷெங் அந்த அனுமதிக்கான படிவத்தைக் காப்பி மேசையில் வைத்தாள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அவள் தன் பொறுப்பில் இருந்தாள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

"குடு, போட்டுடறேன்," என்றான் லீஃப். "இன்னிக்கி என்ன தேதி?"

ஷெங் சொன்னாள். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள், முதல் தடவை சொல்வதுபோலவே.

வெளியே மணி அடித்ததால் முன்மேசைக்குப் போனேன். பால் பண்ணை வைத்திருக்கும் வெர்னர் லோக்கன் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தார்.

"நேத்து உங்க தம்பி எழுதினது. ஷெங் ஒரு தடவ பாத்துட்டா போயிடுவேன்."

"டாக்டர் எழுதினத நர்ஸ் எதுக்குப் பாக்கணும்?"

வெர்னர் தன் தொப்பியைப் பார்த்தார். "எல்லாரும் அப்படித்தானே பண்றோம், போர்கில்ட்."

"எப்பலேந்து?"

"அது ஆச்சு, ஒரு வருஷத்துக்கு மேல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். தெரியாதுன்னும் நெனச்சோம். ரெண்டுல எதுவா இருந்தாலும் வாயத் திறக்கறது சரியில்லன்னு விட்டுட்டோம்."

நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் எங்களுடையது, அப்படித்தான். யாரும் யாரையும் முகத்துக்கு நேரே சங்கடப்படுத்த மாட்டார்கள். லீஃப் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பின்வழியாக ஷெங்கின் அறைக்குப் போய், பிரஷரை இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள். அவள் மருந்தைத் திருத்துவாள். எல்லாம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அவன் சாவியைத் தேடுவதை நான் வயதாவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்ப் படிவத்தை எடுத்துக்கொண்டேன். லீஃபைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அவன் எப்பலேந்து சரியா இல்ல?"

"போன வருஷம் மே மாசம். நம்ம நார்வே நாள் ஊர்வலம் முடிஞ்ச வாரம். ஒரு குழந்தைக்குப் பெரியவங்களுக்குக் குடுக்கற அளவு எழுதிட்டார். அவங்க மருந்துக்கடைக்குப் போறதுக்குள்ள மாத்திட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க ஹ்மாங் இனத்து வீடுகள்லயும் பெரியவங்களப் பத்தி அப்படிப் பேச மாட்டோம், மிஸ் ஸ்டென்ருட். மானம் உங்க வீட்டுல மட்டும் இல்ல."

"அப்ப அந்த மே மாசம் வரைக்கும்தான் எழுத முடியும்."

"அப்படி எழுதினா எனக்குக் காலம் பத்தாது." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் ரெண்டு பேர் வேலையும் நான்தான் பாத்தேன். உங்க குடும்பப் பேர் சுத்தமா இருக்கணும்னு என் உழைப்ப வெட்டறீங்க."

"அவன் பொறுப்புல நீ இருந்தேன்னு நீயே சொல்லுவியா?"

அவள் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "நீங்க கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் கோபம் நியாயமானது. எங்கள் மானத்துக்கு அவள் விலை கொடுப்பது முறையில்லை. மறுநாள் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் க்வாலேயைப் பார்க்கப் போனேன். ஒரு காலத்தில் எங்கள் கிளினிக்கை ஆஸ்பத்திரியோடு சேர்க்கச் சொல்லி வந்தவர். லீஃப் அவரை வாசலைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டான். அதன்பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை கேட்டால்தான் சரி என்று வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் கேட்கவில்லை.

"ஸ்டென்ருட் வீட்டுக்காரங்களுக்கு இங்க என்ன வேலை?"

"ஷெங் வாங்குக்கு மிச்சக் காலத்துக்கு ஒரு டாக்டர் பொறுப்பேத்துக்கணும்."

"ஏத்துக்கறேன். ஆனா கிளினிக் ஆஸ்பத்திரி பேர்ல நடக்கணும். உங்க பேர்ப் பலகை இறங்கணும்."

"இறங்கும்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "லீஃப் ஒத்துப்பானா?"

"லீஃப் இனிமே டாக்டர் இல்ல. புத்தி தடுமாறுது. லைசென்ஸத் திருப்பிக் குடுக்கறோம். இத நீங்க வேற யார் வாயிலேந்தும் கேக்கக்கூடாதுன்னு நானே வந்தேன்."

க்வாலே கோப்பையில் காப்பி ஊற்றி என் முன்னால் வைத்தார்.

லீஃப் தெளிவாக இருந்த ஒரு காலையில், வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மே மாதம் வரைக்கும் கையெழுத்திட்டான். அது அவன் நிஜமாகப் பார்த்த வேலை. பிற்பாடு நடந்ததை, வக்கீல் சொன்னபடி, உரிமம் வழங்குகிறவர்களுக்கு நானே எழுதித் தெரிவித்தேன். லீஃப் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து, எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கேக்கும் காப்பியுமாக இருந்தபோது எழுந்து நின்றேன்.

"என் தம்பிக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. நீங்க காட்டின மரியாதைக்கு நன்றி. இனிமே அந்த மாதிரி மரியாதை வேண்டாம். நேரா ஷெங்கிட்டயே போங்க."

யாரும் நிமிரவில்லை. கடைசியில் வெர்னர், "காப்பி ஆறுது, போர்கில்ட், உக்காருங்க," என்றார்.

அந்த வாரமே பலகை இறங்கியது. டாக்டர் தாக்குப்பிடிக்கவில்லை, அக்காள் ஆஸ்பத்திரிக்கு விற்றுவிட்டாள் என்று பேசினார்கள். விற்கவில்லை. கட்டடம் இன்றும் எங்களுடையதுதான்.

தனியாகத் தொழில் செய்யும் அனுமதி ஷெங்குக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தாமதத்தை அவள் மறக்கவில்லை. மறக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அனுமதி வந்த அன்று ஆஸ்பத்திரியோடு ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, கட்டடத்தை வாடகைக்குக் கேட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"ஸ்டென்ருட்ங்கற பேர வெச்சுக்கணும்னு எதிர்பாக்கறீங்களா?"

"இல்ல. எங்க வீட்டுல இப்ப டாக்டர் யாரும் இல்ல."

"வாங்னு எழுதப்போறேன்."

"பெருசா எழுதச் சொல்லு," என்றேன். "ரோட்டுலேந்து தெரியணும்."