ஐந்தரை மணி நேரம்

லண்டனுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். நேராக வரும் விமானத்துக்குப் பதினொரு மணி நேரம். இதை எனக்குச் சொன்னது அம்மா. தங்கை நிஷாந்தினி லண்டனிலிருந்து ஊருக்கு வரும் நாட்களில், அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு என் ஃபோனை வாங்கி, அதில் நகரும் சின்ன விமானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இப்ப துருக்கி மேல வாறா" என்பாள்.

நான் பதுளையிலிருந்து மடுல்சீமைத் தோட்டத்துக்கு வெள்ளிதோறும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். "வந்துட்டியா" என்பாள், அடுப்பைப் பார்த்தபடி.

போன வருடத்துக்கு முந்திய மார்கழியில், ஒரு புதன்கிழமை விடியற்காலை அம்மா இறந்தாள். நிஷாந்தினி செய்தி அனுப்பினாள். லண்டன் நேரம் மத்தியானம் பன்னிரண்டுக்கு விமானமாம், நேராக வருகிறதாம். அம்மாவைத் தூக்கிவிடாதீர்கள் அக்கா, என்று முடித்திருந்தாள்.

எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த தாய்மாமா நல்லையா என்னிடம் வந்தார்.

"நீதானம்மா கணக்கு டீச்சர். அவ எத்தன மணிக்கு இங்க வந்து சேருவா?"

பன்னிரண்டோடு பதினொன்று. நம் கடிகாரம் லண்டனுக்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. ஆக, வியாழன் காலை நாலரைக்கு இறங்குவாள். வேனில் ஒன்பது மணி நேரம். ஒன்றரைக்கெல்லாம் வாசலில் நிற்பாள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நாளைக்குக் காலைல பத்துக்குத்தான் மாமா எறங்குவா."

ஐந்தரையை இரண்டு முறை கூட்டியிருந்தேன். தெரிந்தேதான்.

"அப்ப இங்க வர ராத்திரி ஏழாயிருமே. வெள்ளிக்கிழமை தூக்க மாட்டோம். சனி வரைக்கும் ஒடம்பு தாங்காது."

"லண்டன்காரி வராம எப்படி?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பூவம்மா. "பெத்தவ அவளுக்காகத்தானே உசுர வச்சிருந்தா."

எனக்கிருந்த கொஞ்சத் தயக்கமும் அதோடு போயிற்று.

"நாளைக்குப் பன்னெண்டுக்குத் தூக்கிருவோம் மாமா" என்றேன். லயத்து ஆட்களில் நிஷாந்தினியிடம் இருந்தது என் நம்பர் மட்டும்தான். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

வியாழன் ஒன்றே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்தார்கள். நிஷாந்தினி குளிர்கோட்டோடு இறங்கி, பந்தலில் அம்மாவின் பெட்டி இருந்த வெறும் பெஞ்சைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டுக்கு" என்றார் மாமா. "ஒங்கக்கா கணக்குல நீ ராத்திரிதான் வருவ, தாயி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள்தான் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அந்த நேர வித்தியாசம் எனக்கே கொழம்பும் அக்கா. நீ என்ன நெலமையில இருந்திருப்ப."

அப்புறம்தான் அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பூவம்மா மடியில் சாய்த்துக்கொண்டாள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து அவள் வாயில் வைத்தார்கள். காலையிலிருந்து எனக்கு யாரும் ஒரு வாய் தரவில்லை.

அவளிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பெட்டியை மூடுமுன் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் நான். அந்த முகம் எப்படியிருந்தது என்று அவள் ஃபோனில் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் சொல்கிறேன்.