தணிகாசலத்தின் அலர்ஜி

உலகத்தில் அறியாமை இருள் விலகுமானால் அது பிள்ளையார்பாளையத்திலிருந்துதான் விலகத் தொடங்கும். விலக்கப் போகிறவர் பகுத்தறிவு மன்றத் தலைவர் தணிகாசலம். இதைத் தணிகாசலமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒழுகும் மூக்குக்கு அவர் பெயரும் வைத்துவிட்டார். பட்டணத்தில் ஒரு வக்கீல் வீட்டில் காதில் விழுந்த ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டு வந்திருந்தார். ஜலதோஷம் கண்டவனுக்கெல்லாம் வரும். அலர்ஜி அப்படியல்ல, கார் வைத்திருப்பவர்களுக்கும் நெசவாளர் சங்கத் தேர்தலில் நிற்பவர்களுக்கும் வருவது. காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் மனைவியின் தறி. அதிலிருந்து கிளம்பும் பட்டுத் தூசி.

"நாளைக்கு அர்ஜுன ஆசாரி வருவான். தறிய பிரிச்சுடலாம். நாலு பேரு வந்து போற எடத்துல சோபாதான் போடணும்" என்றார். சோபாவுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை.

லோகாம்பாள் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உலை கொதித்தது அந்தத் தறியால்தான். தணிகாசலத்தின் கஞ்சி போட்ட சட்டை, மன்றத்தின் ட்யூப் லைட், எல்லாமே அவள் கால் மிதித்துச் சம்பாதித்தவை. தறி போனால் வெற்றிலைக்குக்கூட அவர் கையைப் பார்த்து நிற்க வேண்டும். நிற்கட்டும் என்றுதான் அவருக்கும் ஆசை.

அதைவிட அவளுக்கு எரிந்தது வேறொன்று. அலர்ஜி அவளுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பனிக்காலத்து விடிகாலைகளில் சரம் சரமாகத் தும்முவாள். கண்ணும் மூக்கும் அரிக்கும், தண்ணீராகக் கொட்டும், காய்ச்சல் இருக்காது. தூசியை விட்டு விலகினால் தானே அடங்கும். பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர்தான் அதற்குப் பெயர் சொன்னாள். அன்றுமுதல் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குவாள். தலையணையை வெயிலில் போடுவாள். நூலை உதறும்போது மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வாள். தணிகாசலம் அப்போது, "பொம்பளைக்கு இன்னாத்துக்குடி இங்கிலீஷ் வியாதி? அது சளி. கஷாயத்த குடி" என்று சிரித்தார். இப்போது அதையே பட்டணத்துச் சரக்காகக் கொண்டு வந்து, அவள் தறியைப் பிரிக்கச் சாக்காக எடுத்துக்கொண்டார்.

அவருடைய கைக்குட்டைகளைத் துவைப்பவளும் அவள்தான். முதல் இரண்டு நாள் சளி தண்ணீராக இருந்தது, அப்புறம் மஞ்சளானது. தொண்டை வலி என்று வெந்நீர் கேட்டார். உடம்பைப் பிடித்துவிடச் சொன்னார். நெற்றி சுட்டது. நேற்றிலிருந்து அவளுக்கும் தொண்டை கரகரத்தது. தன் தும்மலை அவளுக்குத் தெரியும். இது வேறு யாருடையதோ.

"ஏங்க, அலர்ஜி ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. அது ரத்தத்துல இருக்குது. உனக்கு சொன்னா புரியாது."

"எனக்கும் தொண்ட கட்டிக்கினு இருக்குதே."

"உனக்கு சளி."

"அத்த யார்கிட்ட வாங்கினேன்? வூட்ட வுட்டு நான் நகரல. உங்களுக்குத்தான் அலர்ஜியாச்சே."

தணிகாசலம் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். இருமல்தான் வந்தது.

மறுநாள் காலை ஆசாரி கொட்டாப்புளிச் சுத்தியலோடு வந்து உட்கார்ந்தான். தேர்தலில் தணிகாசலத்துக்காக ஓட்டுக் கேட்கப் போகிற பரசுராமனும் கலியாணசுந்தரமும் வந்தார்கள். தணிகாசலம் அவர்களுக்கு அலர்ஜியை விளக்கினார். "நம்ம ஜனங்க இதுக்கும் வேப்பிலை அடிப்பானுங்க, மந்திரிப்பானுங்க. நமக்கு சயின்ஸ்தான்."

அப்போது வாசலில் ஷஹர்பானு வந்து நின்றாள். தர்கா பக்கத்தில் ஓதி, முகத்தில் ஊதி மந்திரிக்கும் ஜியாவுதீன் சாயபுவின் மனைவி. கையில் ஒரு குடை இருந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ‘பகுத்தறிவு மன்றம்’ என்று எழுதியிருந்தது.

"ஐயா அன்னிக்கு எங்கூட்ல வுட்டுட்டு வந்துட்டாரும்மா" என்று லோகாம்பாளிடம் நீட்டினாள். "எங்கூட்டுக்காரருக்கு அன்னிக்கே காய்ச்சலு, சளி. இன்னிக்கு யாருக்கும் ஊதாதீங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கினேன். ஐயாதான், ‘எலக்‌ஷன் கிட்ட வந்துடுச்சு பாய், ஊதியே ஆவணும்’னு மூஞ்சியக் காட்டிக்கினு குந்திட்டாரு. மூணு தபா ஊதினாரு. ஐயாவுக்கு ஒண்ணும் ஒட்டிக்கலயே?"

லோகாம்பாள் குடையை வாங்கி, எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்ப சயின்ஸ்தான் மூஞ்சில ஊதிச்சா, தலைவரே?" என்றார் பரசுராமன்.

"தறிய பிரிக்கிறதா, வாணாமா?" என்றான் ஆசாரி. "எனக்கு செவிலிமேட்டுல வேல இருக்குது."

"இருப்பா. ஐயா சொல்லட்டும்" என்ற லோகாம்பாள் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். மூக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள்.

தணிகாசலம் எழுந்தார். மேடையில் தூக்குவதுபோல ஒரு விரலைத் தூக்கினார். வாய் திறந்தது, வந்தது தும்மல். சட்டைப் பையைத் துழாவினார். கைக்குட்டைகள் எல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

வெள்ளைத் துண்டு. சிந்தியது மஞ்சளாக இருந்தது.