முதல் குடையோடு நடப்பவர்கள்

மாடியில் நான் எண்ணி அனுப்பும் ஆட்கள் கீழே போய்ச் சேரும்போது குறைந்துவிடுகிறார்கள். எப்படி என்றுதான் புரியவில்லை. இறங்குவதற்கு இருப்பது ஒரே படிக்கட்டு. குதித்து ஓடிவிட அதில் ஜன்னல்கூட இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் குடை செய்கிறோம். மழைக்காலத்துக்கு முன் ஆர்டர் குவியும்போது தற்காலிக ஆட்களை எடுப்போம். அவர்களை ஆபீஸில் பதிந்து, மஞ்சள் கோட்டு மாட்டிவிட்டு, எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவது என் வேலை. நிரந்தர ஆட்களுக்கு நீலக் கோட்டு. ஆள் கேட்பது பெரும்பாலும் கடைசியில் இருக்கும் பாக்கிங் பிரிவுதான். அதன் சூப்பர்வைசரை எல்லோரும் பெட்டி அண்ணன் என்பார்கள். காலை மணி அடித்து ஓய்வதற்குள் அவருடைய போன் வந்துவிடும்.

“என்னம்மா, பாதி ஆளக் காணோம்?”

“எல்லாரையும் அனுப்பிட்டேண்ணே.”

“அப்ப வழியில ஆவியாயிட்டாங்களா?”

தேநீர் நேரத்தில் இறங்கிப் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் பாக்கிங்கில் நின்றுகொண்டிருப்பார்கள்.

“காலையில எங்க இருந்தீங்க?”

“கீழதான்மா இருந்தோம்.”

“யார்கிட்ட?”

“அக்காகிட்ட.”

கீழே வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் அக்காதான். இதை வைத்துக்கொண்டு யாரைப் போய்ப் பிடிப்பது?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் வேலையும் தற்காலிகம்தான். வாரத் தொடக்கத்தில் மேனேஜர் கூப்பிட்டு, “இந்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணும்மா. இல்லன்னா கான்ட்ராக்டரே ஆளுங்கள நேரா கீழ கொண்டுபோய் விட்டுடட்டும். நடுவுல உன் மேசை எதுக்கு?” என்றார். குரலில் கோபமே இல்லை.

வீட்டில் சொல்லி ஆறவும் வழியில்லை. என் நாத்தனாரும் இதே தொழிற்சாலைதான். குடையின் எலும்புக்கூட்டைச் செய்யும் கம்பி மேசைக்கு அவள் தலைவி. எங்களுக்கு ஒரே சமையலறை, ஒரே பஸ். ஒருநாள் நாங்கள் இருவரும் பேசிய பேச்சில் என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் தொழிற்சாலைப் பேச்சு கூடாது என்று சட்டம். போட்டவள் நான்தான். பஸ்ஸிலாவது பேசலாம் என்றால், ஏறியதும் அவள் தூங்கிவிடுவாள்.

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். நானும் மஞ்சள் கோட்டு போட்டு, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டு, அனுப்பும் ஆட்களோடு ஒருத்தியாகப் படியிறங்கினேன்.

கடைசிப் படியில் கால் வைத்ததும் ஒரு கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தது.

“ஏம்மா மஞ்சள், நீ வா. பின்னால வர்ற ரெண்டு பேரும் வாங்க. இதப் பிடி.”

என் நாத்தனார். முகத்தைப் பார்க்கவே இல்லை, கோட்டின் நிறம் போதுமாக இருந்தது. கையில் ஒரு குடைத் தண்டைத் திணித்தாள். என்னோடு வந்தவர்களும் பிடித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு, முதலில் யார் அதட்டுகிறார்களோ அவர்தான் முதலாளி.

“பேச்சு அப்புறம். தண்டு ஆடாம பிடி. இது என்ன, துடைப்பமா? எங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க, எதக் குடுத்தாலும் இப்படித்தான்…” என்றவள் நிமிர்ந்தாள். “அண்ணி.”

“அடிப்பாவி. என் ஆளுங்களப் பிடிச்சு வச்சுக்கறது நீதானா?”

“பிடிச்சா வச்சிருக்கேன்? வேலை முடிஞ்சா அனுப்பிடறேன்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வீட்ல பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

“பஸ்ல?”

“பஸ்ல நான் தூங்கணுமே.” கம்பியைக் கீழே வைத்தாள். “சண்டையெல்லாம் அப்புறம். என்கூட பாக்கிங் பக்கம் ஒரு எட்டு வந்து பாருங்க.”

போனோம். பாக்கிங் மேசை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் காலி மேசையைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. இரவு ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை விழும். அதனால் பாதிக் குடை எதையும் மேசையில் விட்டுப் போகாமல், மாலையில் எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆக, காலையில் எல்லா மேசையும் காலி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் முழுக்க நிறைந்த பிறகுதான் மறுமுனையில் தண்ணீர் கொட்டும். எங்கள் குழாயின் தொடக்கம் கம்பி மேசை. அடுத்தது துணி மாட்டும் மேசை, பிறகு விரித்துப் பார்க்கும் இடம், கடைசியாகப் பாக்கிங். காலையில் தொடக்கத்தில் கை போதாது, கடைசியில் கைக்கு வேலை கிடையாது. நானோ விடிந்ததும் எல்லோரையும் கடைசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“அப்ப ஆள் வேணும்னு ஏண்ணே கத்துறீங்க?” என்று பெட்டி அண்ணனைக் கேட்டேன்.

“இப்ப சும்மாதான் நிக்கறோம். ஆனா குடை வர ஆரம்பிச்சா அணை திறந்த மாதிரி வரும். அந்த நேரத்துக்கு ஆள் இங்க இருக்கணும். உங்க நாத்தனார் மனசு வச்சாத்தானே விடுறாங்க?”

“மனசெல்லாம் இருக்கு. மறந்துடறேன். எனக்குத் தலை நிமிர நேரமில்லண்ணே,” என்றாள் அவள்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆட்களை எப்போது விடுவது என்பதுதான் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்து விடலாம் என்று முதலில் நினைத்தேன். சரிவராது. புது ஆட்கள் அதிகம் என்றால் முதல் குடை தாமதமாக வரும், கை பழகிவிட்டால் சீக்கிரம் வரும். கடிகாரத்துக்கு அது தெரியாது. தெரிந்தது ஒன்றுக்குத்தான். குடைக்கு.

வெள்ளிக்கிழமையும் நான் மஞ்சள் கோட்டோடுதான் இறங்கினேன். சோதித்துப் பார்த்தோம். முதல் கம்பிக்கூடு தயாரானதும் அதை ஒரு மஞ்சள் கோட்டுக்காரரிடம் கொடுத்து, மற்றவர்களையும் அவரோடு நடக்கச் சொன்னேன். துணி மேசைவரை நன்றாகவே போனது. விரித்துப் பார்க்கும் இடத்தில் அந்தக் குடை பின்பக்கமாகக் கவிழ்ந்துகொண்டது. ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“குடை திரும்பிப் போகுதும்மா. நாங்களும் போகணுமா?”

“வேண்டாம், அடுத்த குடையோட போங்க,” என்றேன். நாத்தனார் சிரிப்பை அடக்க மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

நல்ல குடை பாக்கிங் மேசைக்கு வந்தபோது ஆட்களும் வந்திருந்தார்கள். பெட்டி அண்ணன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிவிட்டு, போனைப் பார்த்தார். எடுக்கவில்லை.

ஆபீஸில் போன் அடிக்காததே மேனேஜருக்குச் சந்தேகமாகி, இறங்கி வந்துவிட்டார். குழாய்க் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“மஞ்சள் கோட்டக் கழட்டிக் குடுத்துடும்மா,” என்றார். நான் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். “ஸ்டோர்ல போய் நீலம் வாங்கிக்க. அப்புறம் இந்த முறைய எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி ஒட்டு.”

“அப்ப எனக்கு இனிமே தண்டு பிடிக்க வர மாட்டீங்களா, அண்ணி?” என்றாள் நாத்தனார்.

படிக்கட்டின் கீழே ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது: காலையில் மஞ்சள் கோட்டுக்காரர்கள் எல்லோரும் கம்பி மேசையில் தொடங்க வேண்டும். முதல் குடை அடுத்த மேசைக்கு நகரும்போது அவர்களும் அதோடு நகர வேண்டும். அது பாக்கிங் மேசைக்கு வந்ததும் அங்கேயே நிற்க வேண்டும்.