கணினி அறையில் டிசம்பர் முப்பது

அலுவலகத்தின் மற்ற அறைகளில் ஜூன் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பணியாளர் பதிவறையில் மட்டும் ஐந்தரை மாதங்களாக டிசம்பர் முப்பது. காலையில் வந்ததும் கணினியின் தேதியை அந்நாளுக்குத் திருப்பிவைப்பது பதிவாளரின் முதல் வேலை. கைப்பையைக் கீழே வைப்பது இரண்டாவது.

விடுப்பு, மாறுதல், ஓய்வு ஆகிய அனைத்தையும் பதியும் பக்கம், உலாவியின் மேல் தொற்றிக்கொண்டு இயங்கும் ஒரு பிளகினை நம்பியிருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பின் திறக்கக் கூடாது என்று அந்தப் பிளகினுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டு, அதைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டியது. பழைய தேதியைக் காட்டினால் திறந்தது. பதிவாளரும் காட்டிவந்தார்.

இரண்டு வாரங்களுக்கு முன் அவருக்கு மாறுதல் ஆணை வந்தது. கணவரும் ஒன்பது வயது மகளும் இருக்கும் ஊருக்கு. மூன்று ஆண்டுகள் கேட்டுக் கிடைத்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் விடுவிப்பு எண் பதிவாகாவிட்டால் ஆணை காலாவதி. கணினியின் தேதிக்குப் பிந்தைய தேதியில் எவரையும் விடுவிக்க அந்தப் பக்கம் மறுத்தது. தேதி டிசம்பரில் நின்றால் ஜூன் எதிர்காலம். ஜூனுக்கு நகர்த்தினால் பக்கமே திறக்காது. இவ்வாண்டின் முதல் விடுவிப்பு அவருடையது என்பதால் இந்த முடிச்சு இதுவரை எவர் காலிலும் சிக்கவில்லை.

பிந்தைய தேதியில் விடுவிக்கக் கூடாது என்ற அந்த நிபந்தனையை எழுதியவர் அவரே. பதினோரு ஆண்டுகளுக்கு முன், விடுவிப்பை முன்கூட்டியே பதிந்துகொண்டு ஒரு மாதம் வீட்டிலிருந்த ஊழியர் ஒருவரைக் கண்ட எரிச்சலில், ஏழாவது நிபந்தனையாக, பிழையற்ற ஒரே வாக்கியத்தில் எழுதினார்.

மூன்று மணிக்கு மகள் அழைத்தாள்.

"அம்மா, பஸ் ஏறிட்டியா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"அப்பா அலமாரில உனக்கு ரெண்டு தட்டு காலி பண்ணாரு. அதுல ஒண்ணுல மறுபடி அவர் சட்டையே ஏறிடுச்சு. இன்னொண்ண நான் காவல் காக்குறேன்."

"விட்டுடாத" என்றார் பதிவாளர்.

மூன்றரைக்குத் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பொதுத்தரம் வந்தார். எதற்கெடுத்தாலும், எல்லா உலாவிக்கும் பொருந்தும் இணையத்தின் பொதுத்தரம் என்று பேசியதால் ஒட்டிய பெயர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மூவர் தேர்வுக் குழுவில் அவரும் இருந்தார். எந்த உலாவியிலும் திறக்கும் ஒரு சாம்பல்நிறப் பக்கத்துக்கு அவர் கைதூக்கினார். பதிவாளரும் அன்றைய மேலாளரும், அலுவலகச் சின்னம் மூலையில் பொன்னிறமாகச் சுழலும் பிளகின் பக்கத்துக்குக் கைதூக்கினார்கள்.

"அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். ஒருத்தன்கிட்ட மட்டும் சாவி இருக்குற வீட்டுல குடிபோகாதீங்கன்னு."

"சொன்னீங்க. குறிப்புலயும் ஏத்திருக்கேன்."

"சின்னம் சுத்துதுல்ல?"

"சுத்துது."

பொதுத்தரம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். "இந்த பிளகின் தேதியப் பாக்குறது திறக்குறப்போ மட்டும்தான்னு நினைக்கிறேன். டிசம்பர்ல உள்ள போயிட்டு, பக்கத்த மூடாம, ஜூனுக்கு நகர்த்திப் பாருங்க."

பதிவாளர் நகர்த்தினார். பக்கம் அப்படியே நின்றது. விடுவிப்புத் தேதி: ஜூன் பதினேழு. ஏற்றுக்கொண்டது. 'மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற வரி தோன்றியது. மூடினால் ஜூனில் திறக்காது. டிசம்பருக்குத் திருப்பித் திறந்தால் பதிவு செல்லாது. எனவே ஒப்புதலும் இதே திரையில், இதே அமர்வில் நிகழ வேண்டும்.

மேலாளர் வரும்வரை பதிவாளர் சுட்டியை அசைத்து அசைத்துப் பக்கத்தை விழித்திருக்க வைத்தார். மேலாளர் நாலேகாலுக்கு வந்து, பதிவாளரின் நாற்காலியில் அமர்ந்து, சுட்டியைப் பிடித்தார்.

"அட, நல்லா ஓடுதே. இதுக்கா புதுசு கட்டணும்னு மூணு வருஷமா கோப்பு அனுப்புறீங்க?"

"ஓடல சார். ஏமாத்தி நடக்க வைக்கிறோம்" என்றார் பொதுத்தரம்.

"சரி, மேடம் போனப்புறம் யாரு நடக்க வைப்பா?"

பொதுத்தரம் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"புது ஆளுக்கு லாகின் போடுற பக்கம் அந்த கம்பெனியோட சர்வர்ல இருந்துச்சு சார். அது இப்ப இல்ல. பதியிற உரிமை இருக்குறது என் லாகின் ஒண்ணுக்குத்தான். விடுவிச்சதும் அது தானா முடங்கிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் காகிதத்துலதான். ஆனா தலைமையிடம் காகிதத்த ஏத்துக்காது. அதனாலதான் எந்த உலாவியிலயும் திறக்குற பக்கம் உடனே வேணும்னு எழுதுறேன்." மேலாளருக்கு அவசரம் உறைக்க வேண்டும் என்று எண்ணி, அவர் ஒரு வாக்கியம் சேர்த்தார். "ஆகஸ்ட் கடைசில உங்க ஓய்வையும் இதுலதான் சார் பதியணும்."

மேலாளர் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ என்னை விடுவிக்க நீங்க இருந்தாகணும்."

"சார், எனக்கு இன்னிக்குத்தான் கடைசி."

"எனக்கும் முப்பத்தினாலு வருஷ ஓய்வூதியம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. புதுசு வரட்டும், மொத ஆளா உங்கள விடுறேன். புதுசு கட்டவும் உள்விவரம் தெரிஞ்சவங்க வேணும்ல? என்ன சொல்றீங்க?" என்று பொதுத்தரத்தின் பக்கம் திரும்பினார்.

பொதுத்தரம் தரையைப் பார்த்தபடி, "வேணும்தான்" என்றார்.

"எத்தன மாசம்?"

"அனுமதி வந்த நாள்லேர்ந்து ஒரு வருஷம்."

எவரும் தொடாத பக்கம் பத்து நிமிடத்தில் தானே வெளியேறும். அது எட்டாவது நிபந்தனை. அதையும் எழுதியவர் பதிவாளரே. ஒப்புதல் பொத்தான் ஒரு சாண் தொலைவில் இருந்தது. மேலாளருக்காக அவர் ஒருநாளும் அதை அழுத்தியதில்லை. கை மேசை விளிம்புவரை சென்றது; மேலாளர் அதைக் கவனித்தும் நகரவில்லை. கை அங்கேயே நின்றது.

பக்கம் வெளியேறியது. திரையில் ஒரு சாம்பல்நிறக் கட்டமும், பிளகின் காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்பும் மிஞ்சின. மேலாளர் எழுந்து, நாற்காலியை மேசையோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். பொதுத்தரம் அவர் பின்னே நடந்தார்.

ஐந்து மணிக்குப் பதிவாளர் தேதியைத் திருப்பினார். நாளைக்கு விடுப்பு கேட்ட ஓட்டுநரின் விண்ணப்பம் இன்னும் பதியப்படாமல் இருந்தது. பக்கம் திறந்து, மூலையில் சின்னம் சுழலத் தொடங்கியது. அவர் கைபேசியை எடுத்தார்.

"அம்மா, ஏறிட்டியா?"

"இல்லடா. அந்தத் தட்டுலயும் அப்பாவ சட்டைய வச்சுக்கச் சொல்லு."