வெட்டாமல் வைத்த தகடு

என் மகள் தாவோனுக்குப் பிறக்கும்போதே பெருங்குடலில் கோளாறு. வயிற்றின் வலப்பக்கம் டாக்டர்கள் ஒரு திறப்பு வைத்தார்கள். மலம் அதன் வழியாக வெளியே ஒட்டிய பையில் சேரும். தோலில் ஒட்டும் தகட்டில் திறப்பின் அளவுக்குத் துளை வெட்டி, அதில் பையைப் பொருத்த வேண்டும். பத்து வயதுவரை வெட்டித் தந்தது நான்தான்.

ஒருநாள் காலையில் அவளுடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் மோக்போ துறைமுகத்திலிருந்து ஒரு தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். "நீ கூட வந்தா நான் போகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பே என்ற அவள் வகுப்பாசிரியர் ஒருவருக்குத்தான் இந்தப் பை விஷயம் தெரியும்.

நான் வேறொரு பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். பதினொன்றரைக்குச் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா, பை தகட்டோட பிரிஞ்சு போச்சு." குரல் ரகசியமாக வந்தது. "டாய்லெட்ல இருக்கேன். படகு பனிமூட்டத்துல நின்னுடுச்சு. எப்போ நகரும்னு தெரியாதாம்."

கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் திணித்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன்.

"பயப்படாதடி. மாத்துப் பை வச்சிருக்கேன்ல, பிரி."

ஜிப் திறக்கும் சத்தம். உறை கிழிபடும் சத்தம்.

"தகட்டுல ஓட்டையே இல்லம்மா."

முந்தின நாள்தான் புதுப் பெட்டி பிரித்தேன். வெட்டலாம் என்று எடுத்தபோது துணி துவைக்கும் மெஷின் முடிந்ததென்று கூவியது. அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் கொண்டுவரக் கூடாது என்று பள்ளியில் வேறு சொல்லியிருந்தார்கள்.

"நீதான வச்ச!" அழத் தொடங்கினாள். "எரியுதும்மா. நாத்தம் வேற. வெளிய பித்னா தட்டிக்கிட்டே இருக்கா."

'இவ மட்டும் எதுக்குத் தனியா டிரஸ் மாத்துறா, வால் இருக்கா?' என்று வகுப்பே சிரிக்கக் கேட்டவள் அந்தப் பித்னா.

"தாவோன், உள்ள முட்டை போடுறியா?" அவள் குரல் எனக்கே கேட்டது.

"சார் எங்க?" என்று கேட்டேன்.

"மேல. வாந்தி எடுக்கிறவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கார்."

"அப்போ அவகிட்டயே கேளு. படகுக் கடையில கிம்ச்சி ஊறுகாய் வெட்டுற கத்தரிக்கோல் இருக்கும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடுவா."

சொன்னால் சொல்லட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்தது நான்.

"நீயே முடிவு பண்ணு. கத்தரிக்கோல் கிடைச்சா, ஐந்நூறு வோன் காசை நடுவுல வச்சு சுத்தி வரை. அதுதான் உன் அளவு. சுத்தித் தோலை நல்லா தொடச்சு காயவிட்டு—"

இணைப்பு அறுந்தது. எதுவரை கேட்டாளோ. திரும்பத் திரும்ப அடித்தேன். சாரும் போனை எடுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வண்டியை விரட்டினேன். அங்கே தண்ணீர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் நின்ற பிறகு அவளே போன் செய்தாள்.

"ஒட்டிட்டேன்" என்றாள், நான் எடுத்தவுடன்.

"எப்படிடி?"

"கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டேன். முதல்ல சிரிச்சா. என் மூஞ்சியைப் பாத்துட்டு ஓடிப்போய் கத்தரிக்கோல் வாங்கிட்டு வந்தா. அளவு வரைஞ்ச காசும் அவளோடதுதான். உள்ள வந்து லைட் அடிச்சா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"வலிக்குமான்னு கேட்டா. அது வலிக்காது, சுத்தித் தோல்தான் எரியும்னேன்."

"மத்தவங்ககிட்ட சொல்லுவாளா?"

"தெரியல. நான் கேக்கல."

படகு தீவைப் பார்க்காமலே இரண்டு மணிக்குத் திரும்பியது. பித்னாவின் டிராக் பேன்டில் இறங்கி வந்த தாவோன், எல்லோர் முன்னாலும் என் வயிற்றில் ஓங்கிக் குத்தினாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றேன். அவள் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் தகட்டைப் பிரித்தோம். துளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. அங்கே தோல் சிவந்திருந்தது. ஆனாலும் ஒரு சொட்டுக் கசியவில்லை. புதுத் தகட்டை எடுத்தேன்.

"குடு. நான் வெட்டுறேன்."

இரண்டு தகடுகள் வீணாயின. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.