மூணுக்கு ஒண்ணு

அன்றைக்கு வெளியூர் லைன் இரண்டில் ஒன்று மழையில் செத்துக் கிடந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் பாக்கியவதி ஒருத்திதான். மதுரைக்குப் போனாலும் பம்பாய்க்குப் போனாலும் ஊர் முழுக்க அந்த ஒற்றை லைனில்தான் ஏற வேண்டும்.

சட்டப்படி, கூடுதல் காசு கட்டிப் புக் பண்ணின அர்ஜெண்டுச் சீட்டு எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஆர்டினரிச் சீட்டைத் தொடலாம். வாழைக்காய் மண்டிக்காரர்கள் அர்ஜெண்டாகவே போட்டுத் தள்ளுவார்கள். அப்படி விட்டால் ஆர்டினரிக்காரர்கள் சாயங்காலம் வரை பெஞ்சு தேய்க்க வேண்டியதுதான். அதனால் சூப்பர்வைசர் நேசையா ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூன்று அர்ஜெண்டு போனால் ஒரு ஆர்டினரி. எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. ஊருக்கே தெரியும், யாரும் மறுத்ததில்லை. அன்று அவர் லீவு.

ஒன்றேகாலுக்கு ஷரீபா பீவி வந்தாள். இடுப்பில் பிள்ளை. காயல்பட்டினத்துப் பெண், புருஷனோடு இங்கே குடியிருப்பவள். அந்தப் புருஷன் தாஜ் முகம்மது இப்போது பம்பாயில் லாட்ஜில் இருந்தான். மூன்று மணிக்கு அங்கிருந்து ஏர்போர்ட், அப்புறம் வளைகுடா.

"அந்தக் கம்பெனியில சம்பளமே குடுக்கல்லையாம்க்கா. அங்கன இருக்கவுக கடுதாசி இப்பதான் வந்துச்சு. ஏறாதீகன்னு சொல்லணும். அர்ஜெண்டாப் போடட்டா?"

"எதுக்கு? உன் சீட்டுதான் அடுத்த ஆர்டினரி. ரெண்டு மணிக்குள்ள கெடைச்சிரும்" என்றாள் பாக்கியவதி. நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னாள்.

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் மூன்றாவது அர்ஜெண்டு முடிந்து லைன் காலியானது. மெட்ராஸில் நர்ஸ் வேலை பார்க்கும் பாக்கியவதியின் தங்கை ஸ்டெபிக்கு அது டூட்டி மாறும் நேரம். விட்டால் நாளைக்குத்தான் பிடிக்க முடியும். ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் பம்பாயைப் போட்டால் போகிறது. மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது. நிச்சயதார்த்தச் சேலை மாம்பழக் கலரா மயில் கழுத்துக் கலரா என்று பேச்சு ஆறு நிமிஷம் ஓடியது.

போர்டிலிருந்து இணைப்புக் கயிற்றை உருவினபோது மண்டிக் கணக்கர் ஜம்பு ஜன்னலில் நின்றார். ஷரீபா பீவி தள்ளி வாசலில் பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு ஆர்டினரி போயாச்சுல்லா? நானும் எண்ணிக்கிட்டுதான் நிக்கேன். இனி எங்க மூணைப் போடும்மா."

போனது ஆர்டினரி இல்லை, என் சொந்தப் பேச்சு என்று சொல்ல வேண்டும். ஆனால் மண்டிச் சீட்டை எடுத்தாள்.

ஒவ்வொருவரும் இருபது நிமிஷம் இழுக்க, மூன்றாவது மண்டிக்காரர் வைக்கும்போது மணி மூன்று ஐந்து. பம்பாய் கிடைத்தது. "இப்பதான் டாக்சி ஏறினார்" என்றான் லாட்ஜ்காரன். ஷரீபா பீவி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, "லைன் கெடைக்கலேன்னா நீங்க என்ன செய்வீக" என்று பாக்கியவதிக்கு ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் நேசையா சீட்டுகளைப் புரட்டினார். "ஒண்ணேகாலுக்குப் புக் பண்ணினதை மூணு மணிக்கா குடுத்த? மூணுக்கு ஒண்ணு விடலையோ, பிள்ள?"

"அர்ஜெண்டு குமிஞ்சு போச்சு அண்ணாச்சி."

"சரி விடு. புத்தகப்படி சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். மெமோ ஒன்று கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. ஸ்டெபியின் நிச்சயதார்த்தத்தன்று மயில் கழுத்துச் சேலைக்கு மடிப்பு எடுத்துவிடக் கூப்பிட்டபோது, வேறு யாரையாவது எடுக்கச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் ஷரீபா பீவி மறுபடி வந்தாள். சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டையும் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டதாம். பம்பாய் ஏஜெண்டிடம் பேச வேண்டும். ஆர்டினரிச் சீட்டு எழுதிக்கொண்டாள்.

பாக்கியவதி எழுந்து வெளியே பெஞ்சருகே போனாள்.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கே உனக்கு லைன் வந்துச்சு, ஷரீபா. நான் என் தங்கச்சிகிட்ட பேசிட்டேன். அவ நிச்சயதார்த்தச் சேலைக் கலரு பத்தி."

ஷரீபா பீவி பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது கழன்றது. மறுபடி போட்டாள்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டாக்கா?"

"முடிஞ்சிட்டு."

"நல்லா இருக்காகளா?"

பாக்கியவதி தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய், காத்திருந்த சீட்டுகளின் அடியிலிருந்து ஷரீபா பீவியின் சீட்டை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். ஜன்னல் வழியே ஷரீபா பீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எடுத்த எடத்துலயே வையுங்க. எனக்கு முன்னால யாரு எதுக்கு நிக்காகளோ."

ஊருக்குள் யாரோ கூப்பிடுவதற்கு அடையாளமாகப் போர்டில் டக்கென்று ஒரு மூடி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. லைன் காலியாகத்தான் இருந்தது. பாக்கியவதி ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் அந்தச் சீட்டையும் பிடித்தபடி இருக்க, மூன்றாவது மூடியும் விழுந்தது.