உடன் வந்தவருக்கான கேள்விகள்

ரமணி நோயாளியே இல்லை. கணவர் வேலாயுதத்துக்குத்தான் மறதி நோய். மூன்று வருடமாகக் கிள்ளானிலிருந்து அவரைக் கோலாலம்பூர் ஆய்வு மையத்துக்கு அழைத்துக்கொண்டு வருகிறவள், அவ்வளவுதான். 'உடன் வந்தவருக்கான கேள்விகள்' என்ற தாளுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. புருஷன் எந்தத் தெருவில் திகைத்து நின்றார், எத்தனை முறை சாவியைத் தொலைத்தார், எல்லாம் தேதி வாரியாக ஒப்பிப்பாள். மனிதர் பாவம், பக்கத்தில் உட்கார்ந்து தன் மேல் அவள் வாசிக்கும் குற்றப்பத்திரிகையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்று போன முறை கேட்டார்கள். தாராளமாகக் கையை நீட்டினாள். இந்த முறை வந்தது வினை.

"ஆன்டி, உங்க ரத்தத்துல ஒரு புரோட்டீன் அளவுக்கு மேல இருக்கு," என்றாள் ஆய்வு உதவியாளர் புனிதா. "அங்கிளுக்கு இருக்கிற அதே வகை. இத மட்டும் வச்சி ஒன்னும் சொல்ல முடியாது லா. டாக்டர் பேசுவாரு."

"ரத்தம் மாறிப் போயிருக்கும்மா. ரெண்டு பேரும் ஒன்னாதான குடுத்தோம்."

"பேரு, நம்பர் எல்லாம் ரெண்டு தடவ செக் பண்ணிட்டோம் ஆன்டி."

ரமணிக்கு அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை. பிள்ளைகள் இல்லை. தனக்கும் வந்துவிட்டால் இவரை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஒரு கேள்விக்கு மேல் அவள் புத்தி நகர மறுத்தது.

"உங்களப் பத்திச் சொல்றதுக்கு வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்," என்றார் வேலாயுதம்.

புனிதா தயங்கினாள். வேறு ஆளும் இல்லை; கேட்டு வைப்போம், டாக்டர் முடிவு செய்யட்டும் என்று அதே கேள்வித் தாளை எடுத்தாள்.

"தெரிஞ்ச எடத்துல ஆன்டி வழி தெரியாம நின்னிருக்காங்களா அங்கிள்?"

"ஆமா, நின்னா. போன சனிக்கிழம பாசார்ல மீன் வாங்கிட்டு வர்றப்ப. வீடு எந்தப் பக்கம்னு தெரியல அவளுக்கு. நான்தான் கையப் புடிச்சிக் கூட்டியாந்தேன்."

ரமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத் திகைத்து நின்றவர் அவர். கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் அவள்.

"அவரு மாத்திச் சொல்றாரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். கை பிடித்தது நினைவிருந்தது. மீன் பையிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியதும் நினைவிருந்தது. முன்னால் நடந்தது யார்? அது மட்டும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடமாகத் தேதி வாரியாகச் சொன்னதில் எத்தனை அவருடைய மறதி, எத்தனை தன்னுடையது?

"ஆன்டி, நான் எத எழுதட்டும்?"

"கோவிச்சிக்காத ரமணி," என்றார் வேலாயுதம். "டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல?"

ரமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னதையே எழுதும்மா," என்றாள் கடைசியில்.